ரெண்டு செட் அதிவீரன்

“ரெண்டு செட்டுல எதைக் குடுத்துடலாம்?” என்று சமையலறையிலிருந்து தியாகேசன் கேட்டது சாதாரணமாகத்தான். வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டார், பதில் வருகிறதா என்றுகூடப் பார்க்காமல் கடுகைப் போட்டுவிட்டார், அது வெடிக்கிற சத்தத்தில் பூங்கோதை என்ன சொல்லியிருந்தாலும் அவர் காதில் விழுந்திருக்காது. ஆனாலும் அந்தக் கேள்வி கூடத்துக்குள் வந்து, தரையில் காலை மடக்கி உட்கார்ந்திருந்த அவளுக்கு எதிரே, பிரித்துவைத்த அட்டைப்பெட்டிக்குப் பக்கத்தில், கூப்பிடாத விருந்தாளி மாதிரி உட்கார்ந்துகொண்டது. ஞாயிற்றுக்கிழமைக் காலை. அலமாரியில் அவருடைய அதிவீரன் நாவல்கள் வரிசையாக நின்றன. பெட்டிக்குள் அவளுடைய அதிவீரன் நாவல்கள், அதே பதிப்பகம், அதே அளவு, அதே சிவப்பு முதுகு, முதுகில் அதே தொப்பிக்காரன், மகள் மதிவதனி ஓசூருக்குத் திரும்புவதற்குமுன் கட்டி அனுப்பியபடியே படுத்துக் கிடந்தன. ஒரு வீட்டில் இரண்டு ஆட்டுக்கல் எதற்கு, இரண்டு பஞ்சாங்கம் எதற்கு என்பதுபோல நியாயமான கேள்விதான் அது. நியாயமான கேள்விகள்தான் அவளுக்கு எப்போதும் பதில் கிடைக்காதவை. பதிவாளர் அலுவலகத்தில்கூட அந்த அம்மாள் கண்ணாடியை இறக்கிப் பார்த்து, “முழு மனசோடதானே?” என்று நியாயமாகத்தான் கேட்டார். ஆமாம் என்று சொல்வதற்குள் அரசு ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருடம் நின்று ஓய்வுபெற்றவள் கைப்பையை இரண்டு தடவை திறந்து மூடிவிட்டாள். ஐந்து வாரம் ஆகிறது. இந்த வயதில் கல்யாணமா என்று கேட்டவர்கள் கேட்டுக் களைத்துவிட்டார்கள், அவளே கேட்டுக்கொள்வதுதான் இன்னும் நிற்கவில்லை.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. விமானம். கே.கே. நகரில் இந்த மூன்றாவது மாடிக்கு மேலே அது வயிற்றைக் காட்டிக்கொண்டு இறங்கும்போது அவள் ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து பார்த்துவிடுகிறாள், கரண்டியைக் கையில் பிடித்தபடி அவரும் பால்கனிக்கு ஓடிவந்து பார்க்கிறார், பல வருடமாக இங்கேயே இருக்கிறவர், டெலிபோன் இலாகாவில் இருந்து ஓய்வுபெற்றவர், விமானத்தைப் பார்க்காதவரா என்ன. “கொழும்புலேர்ந்து வர்றது,” என்றார், வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, இருவருக்கும் ஒரே நேரத்தில் ‘கொழும்பு விமானம்’ ஞாபகம் வந்து சிரித்தார்கள், அதில்தான் ரகசிய ஏஜெண்ட் அதிவீரன் பாதிரியார் அங்கியில் ஏறி, சமையல்காரர் உடுப்பில் இறங்குவான், நடுவில் எங்கே மாற்றிக்கொண்டான் என்று எழுத்தாளர் சாமந்தன் கடைசிவரை எழுதவே இல்லை. “கழிப்பறையிலதான்,” என்று கல்யாணத்துக்கு முன்பொரு நாள் தெப்பக்குளக் கரையில் அவள் சொன்னதற்கு அவர், “அந்த விமானத்துல கழிப்பறை ரிப்பேர்னு மூணாம் அத்தியாயத்துல வருதே,” என்றார், அந்த நிமிடத்தில்தான் அவள் முதன்முதலாக, இந்த மனிதரோடு ஒரு வீட்டில் இருக்கலாம் போலிருக்கிறதே என்று நினைத்தாள், நினைத்துவிட்டுப் பயந்துபோய்த் தெப்பக்குளம் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பு அடங்கி அவர் உள்ளே போய்விட்டார். கேள்வி மட்டும் நகரவில்லை. எதைக் கொடுக்கலாம். அவருடைய மச்சினர் மகன் வேலை பார்க்கிற ஊரில் புதிதாக ஒரு படிப்பகம் திறக்கிறார்கள், புத்தகம் கேட்டார்களாம், இவரும் தருவதாகத் தலையாட்டிவிட்டாராம்.

எழுந்துபோய் அவருடைய முதல் புத்தகத்தை உருவினாள். ‘டார்ஜிலிங் சங்கேதம்’, மறுபதிப்பின் முதல் அச்சு, முதுகில் ‘அதிவிரன்’ என்று இருக்கும், சுழியை விட்டுவிட்டார்கள், அடுத்த அச்சில் திருத்திவிட்டார்கள், அவளிடம் இருப்பது திருத்திய அச்சு. பிழையில்லாத புத்தகம் வைத்திருப்பவள் பிழையுள்ள புத்தகத்தைப் பார்த்து ஏங்குவது வெளியே சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் ஜமால் பாய் புத்தகக் கடையில் நின்று இதைப் பற்றி அவர் பேசியபோது அவளுக்கு வயிறு எரிந்தது உண்மை. புத்தகங்களை அவர் வைத்துக்கொள்கிற விதமே தனி. மல்லாத்திக் கவிழ்த்துவார், முதுகு உடைந்து வெள்ளைக் கோடு விழுந்திருக்கும், கடைசிப் பக்கத்தில் படித்து முடித்த இடத்தைப் பென்சிலில் எழுதுவார். விருத்தாசலம் பிளாட்பாரம். சம்பந்தி வீட்டு மாடிப்படி. பல் டாக்டர் நாற்காலி. நாற்காலியிலா, வாயைத் திறந்துகொண்டா? கேட்க வேண்டும். இன்னொன்றில் ஆஸ்பத்திரி வராந்தா என்று மட்டும் இருந்தது. எந்த ஆஸ்பத்திரி, யாருக்காக என்று கேட்க வேண்டியதில்லை, அவருடைய மனைவி சகுந்தலா அந்தப் புத்தகம் வந்த வருடம்தான் போய்ச் சேர்ந்தார். அதற்கு அடுத்த புத்தகத்தில் எதுவும் எழுதவில்லை. அதற்கும் அடுத்ததில் ‘வீடு’ என்று இருந்தது. அந்த இரண்டெழுத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இதையெல்லாம் தூக்கிக்கொண்டுபோய் யாரோ படிப்பகத்தில் வைத்தால், பல் டாக்டர் நாற்காலியைப் பார்த்து யாருக்கு என்ன தெரியும்? அவருடைய செட்டைக் கொடுக்க முடியாது. அப்படியென்றால் அவளுடையது. கணக்கு அவ்வளவுதான், இரண்டில் ஒன்று போனால் மிச்சம் ஒன்று, ஆனால் மனசு அந்த இடத்துக்கு வந்ததும் முள்ளில் முந்தானை மாட்டியதுபோல் நின்றுவிட்டது.

அவளுடையது சுத்தமான செட். பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடித்தகடு துடைத்த கை, எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தாள், ஒரு பக்கம் மடியவில்லை, ஒரு எழுத்து எழுதவில்லை. கொடுப்பதற்கு அதைவிட லாயக்கானது இல்லை. ஆனால் அவை வந்த கதை உறைக்குள் தெரியாது. காலேஜ் நாளில் பஸ் ஸ்டாண்டு கடையில் கிளிப் மாட்டித் தொங்கிய மாத நாவல்கள், தாளில் கைவைத்தால் மை ஒட்டும், அட்டையில் அதிவீரன் துப்பாக்கியோடும் அவன் கூட்டாளி நளாயினி ஹெட்போனோடும் நிற்பார்கள், அவளும் தோழிகளும் முறைவைத்துப் படித்து முடிப்பதற்குள் அட்டை கழன்றுவிடும். நளாயினி மாதிரி கம்பியில்லாத் தந்தி கற்றுக்கொள்ள வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டபோது அவர் லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்த்துவிட்டார், அதிலும் காதுக்குப் பதிலாகக் கண்ணை மைக்ராஸ்கோப்பில் ஒட்டவைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்காரத்தானே வேண்டும், பெரிய வித்தியாசமில்லை. அந்த மாத நாவல்களை எல்லாம் டிரங்குப் பெட்டியில் கொண்டுபோய்த்தான் மாணிக்கவாசகத்தோடு குடித்தனம் வைத்தாள். நல்ல மனுஷர். குரல் உயர்த்தியதில்லை. வெள்ளையடிக்க வீட்டை ஒழித்த ஒரு பொங்கலுக்கு முன்பு, அவள் டூட்டியிலிருந்து வருவதற்குள், பழைய பேப்பர்காரரிடம் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டு, “இடம் எவ்வளவு அகலமாயிடுச்சு பாரு,” என்று வாசலிலேயே நின்று சந்தோஷமாகச் சொன்னார். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்தபின் அழத் தோன்றவில்லை, காப்பி போட்டுக் கொடுத்தாள். அவருக்குத் தெரியவே தெரியாது. தெரிந்திருந்தால் பேப்பர்காரரைத் துரத்திக்கொண்டு மணப்பாறை வரைக்கும் ஓடியிருப்பார், அப்படிப்பட்டவர்தான். அவர் போனபிறகு, துக்கம் விசாரிக்க வருவதும் நின்றபிறகு, ஒரு நாள் ஜமால் பாய் கடை வாசலில் மழைக்கு ஒதுங்கியபோது, சிவப்பு முதுகில் தொப்பிக்காரன் நின்றிருந்தான். கெட்டி அட்டை, நல்ல தாள், பழைய படங்கள் அப்படியே. வீட்டுக்கு வந்து முதல் பக்கத்தைப் பிரித்து முகத்தை உள்ளே வைத்து மூச்சை இழுத்தாள். பிள்ளைக்கு, மாமியாருக்கு, வீட்டுக்கு என்றில்லாமல் தனக்கென்று அவள் வாங்கிய முதல் பொருள் அது. மழை மட்டும் பெய்யாமலிருந்தால்?

அதன்பிறகு ஒவ்வொன்றாக வந்தன. எப்போது வரும் என்று பதிப்பகத்துக்கே தெரியாது. சில வருடம் இரண்டு வரும், ஒரு வருடம் ஒன்றுகூட வராது, வந்ததும் ஜமால் பாய் ஆள் வாரியாக எடுத்துவைப்பார். ‘கோவாவில் ஒரு கோமாளி’ வந்த அன்றைக்கு எடுத்துவைக்கச் சொல்ல மறந்துபோய் ஓடினாள், மேஜையில் ஒரே பிரதி, அதற்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டது, மரியாதை பார்க்கிற கை, அரை வினாடி தயங்கியது, அவள் தயங்கவில்லை, லபக்கென்று எடுத்து மார்போடு வைத்துக்கொண்டாள். நிமிர்ந்து பார்த்தால் நரைத்த மீசைக்காரர் ஒருவர், கோபப்படாமல், “பழைய பதிப்புல பதினாறாம் அத்தியாயம் விட்டுப்போச்சு. இதுல இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்றீங்களா? இருந்தாப் போதும், நான் நிம்மதியாப் போயிடுவேன்,” என்றார். இருந்தது. அவர் நிம்மதியாகப் போகவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார், அதிவீரனுக்கு அம்மா யாரென்று பேசினார், அவள் பஸ் இரண்டை விட்டாள். சிரிப்பு வருகிறது இப்போதும். பயமும் கூடவேதான் வருகிறது, இதோ, பெட்டிக்குள் பார்த்ததும். மதிவதனி டேப் ஒட்டிக்கொண்டே சொன்னாளே, “எல்லாத்தையும் வழிச்சுத் தூக்கிட்டுப் போகாதம்மா. கொஞ்சம் இங்கயும் இருக்கட்டும்.” தப்பாகச் சொல்லவில்லை, அம்மா மேல் இருக்கிற அக்கறை, ஆனால் அதைச் சொன்ன நாளிலிருந்து அவளுடைய பழைய உறையூர் வீட்டுச் சாவி கைப்பையில் கனக்கிறது. இந்தச் செட்டைக் கொடுத்துவிட்டு, நாளைக்கு ஏதோ ஒன்று சரியில்லாமல் போய், இவர் முகம் சுளித்து, அல்லது இவள் முகம் சுளித்து, திரும்பிப் போக வேண்டி வந்தால் எதை எடுத்துக்கொண்டு போவது? புடவையையா? அதிவீரன் எந்த ஓட்டலிலும் பெட்டியைப் பிரிக்க மாட்டான், சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு பூட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவான், காலேஜ் நாளில் அது எவ்வளவு அழகாக இருந்தது. பாவம், ஒரு இடத்திலும் அவனுக்கென்று ஒரு கொக்கி கிடையாது சட்டை மாட்ட. ஐந்து வாரமாகப் பிரிக்காமல் கிடந்து இன்று காலைதான் திறந்த பெட்டிக்கு முன்னால் மறுபடி உட்கார்ந்து அவள் அதைப் பார்த்தாள். அது அவளைப் பார்த்தது.

“உப்பு போட்டேனா இல்லையான்னு சந்தேகம், சொல்லுங்க,” என்று தட்டோடு வந்து பக்கத்தில், முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல, தரையிலேயே உட்கார்ந்தார் தியாகேசன். உப்புமாவில் இரண்டு தடவை போட்டிருந்தார். “நல்லாருக்கு,” என்றாள். ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்து, “பொய் சொல்றீங்க கோதை,” என்றார். பிறகு அலமாரியைப் பார்த்தார், அவள் கையில் விரித்திருந்த ‘வீடு’ பக்கத்தைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் யோசிச்சேன். என்னோடதையே குடுத்துடலாம். உங்களோடதுதான் புதுசு மாதிரி இருக்கு. என்னோடதுல முதுகெல்லாம் போச்சு, கிறுக்கி வேற வெச்சிருக்கேன்.” மடமடவென்று ஒப்பித்தார், இன்னும் கொஞ்சம் நிதானித்தால் மனசு மாறிவிடும் என்று பயப்படுகிறவர் மாதிரி, அப்படிச் சொல்லும்போதே வலது கைப் பெருவிரல் அவள் எடுத்துக் கீழே வைத்திருந்த டார்ஜிலிங்கின் முதுகில் அந்தப் பிழையுள்ள ‘வி’யைத் தடவிக்கொண்டிருந்தது, அது அவருக்கே தெரியவில்லை. அவளுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. இவ்வளவு நல்லவராக இருந்தால் எப்படிச் சண்டை போடுவது, சண்டை போடாமல் எப்படி ஒரு வீட்டில் இருப்பது? “ஒண்ணையும் குடுக்க வேணாம்,” என்றாள், குரல் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. “படிப்பகத்துக்கு வேற வாங்கிக் குடுப்போம். ரெண்டும் இங்க இருக்கட்டும்.” அவர் முகம் மெல்ல விரிந்தது, சிறுபிள்ளைத்தனமாக, மறைக்கத் தெரியாமல். “அலமாரில இடம்?” “உங்க டெலிபோன் டைரக்டரி எல்லாம் எதுக்கு அங்க நிக்குது? யாருக்குப் போன் போடப் போறீங்க?” என்றாள், அவர் யோசித்துப் பார்த்து, “அதுல முக்கால்வாசிப் பேர் இப்ப இல்ல,” என்று ஒப்புக்கொண்டார். இது சண்டை போலத்தான் இருந்தது. சுகமாக இருந்தது.

டைரக்டரிகள் இறங்கின, தூசியில் இருவரும் மாறி மாறித் தும்மினார்கள், அவள் பெட்டியிலிருந்து எடுத்துக்கொடுக்க அவர் அடுக்கினார். அவருடைய டார்ஜிலிங்குக்குப் பக்கத்தில் அவளுடைய டார்ஜிலிங், சுழி இல்லாதவன் பக்கத்தில் சுழி உள்ளவன். கோவா, கோவா. விமானம், விமானம். கீழ்த்தட்டு முடிகிற இடத்தில் அவர் நிறுத்தி, ஏதோ சொல்ல வேண்டியவர்போல் மீசையைத் தடவினார். “‘கடலடிக் கதவு’ இந்த வாரம் வருதுன்னாங்க, நாம ரெண்டு பேருமே அந்தக் காலத்துல படிக்காம விட்டது. உங்க காப்பியை ஜமால் பாய் எடுத்து வெச்சிருப்பாரு, போய் வாங்கிட்டு வந்துடலாமா?” என்றார். அவள், “என்னோட காப்பியா? உங்களோடதுதான் வெச்சிருப்பாரு,” என்றாள். “இல்ல, நான் வேணாம்னு சொல்லிட்டேன். ஒரே வீடு, எதுக்கு ரெண்டுன்னு…” அவள் தும்மலை விழுங்கினாள். சொல்லிவிட்டாரா? எப்போது? அவளும் சொல்லிவிட்டாளே! கல்யாணமான மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, தேங்காயும் வெற்றிலையும் வாங்கப் போனவள், கடையைத் தாண்டும்போது தலையை மட்டும் உள்ளே நீட்டி, பாய், இனிமே என் பேர்ல எடுத்து வெக்காதீங்க, சாரோடது ஒண்ணு போதும் எங்களுக்கு என்று சொல்லிவிட்டு வந்தாள். யோசிக்கவில்லை. கலங்கவில்லை. பால்காரரிடம் நாளையிலிருந்து இந்த வீட்டுக்குப் போடுங்கள் என்பதுபோல் சொல்லிவிட்டு வெற்றிலைக்குப் பேரம் பேசப் போய்விட்டாள், அதை அதன்பிறகு நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அப்படியானால் காலையிலிருந்து இங்கே உட்கார்ந்து நடுங்கியவள் யார்? எங்களுக்கு என்று சொன்னவள் யார்? எங்களுக்கு என்றுதான் சொன்னாள், நன்றாக ஞாபகமிருக்கிறது, வாயில் அந்தச் சொல் புதுச் செருப்பு மாதிரி இருந்ததும் ஞாபகமிருக்கிறது. அவர் போனை எடுத்து ஒலிபெருக்கியில் போட்டார். ஜமால் பாய் குரல் பரிதாபமாக வந்தது. “ரெண்டு பேரும் தனித்தனியா வந்து வேணாம்னீங்க சார். என்னமோ மனஸ்தாபம்போலன்னு நெனச்சேன். எப்படிக் கேக்குறது? எம் பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லி வருத்தப்பட்டேன்.” பூங்கோதை வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வந்தது, தியாகேசன் “இல்ல பாய், இல்ல பாய்,” என்பதைத் தவிர வேறு வார்த்தை கிடைக்காமல் குலுங்கினார். “மேஜைல ஒண்ணே ஒண்ணு கெடக்கு,” என்றார் பாய். “ஒளிச்சு வெக்கிறேன். வெரசா வாங்க.”

பஸ் பாலக்கரையில் ஊர்ந்தபோது கால் நிலைகொள்ளவில்லை, மெயின்கார்டு கேட்டில் இறங்கியதும் அவர் முட்டிவலியை மறந்து நடந்தார், அவளுக்கு மூச்சு வாங்கியது, வெயில் அடித்தது, கரும்புச்சாறு மெஷின் மணி அடித்தது, மல்லிகைப்பூக்காரி கூப்பிட்டாள், வாங்கிக்கொண்டாள், யோசிக்காமல். ஜமால் பாய் கல்லாவுக்கடியிலிருந்து எடுத்த புத்தகத்தை யாரிடம் நீட்டுவது என்று தெரியாமல் இருவருக்கும் நடுவில் நீட்டி, இருவரையும் மாறி மாறிப் பார்த்து, மனஸ்தாபம் இல்லைதான் என்று உறுதிசெய்துகொண்டவர்போலத் தலையை ஆட்டினார். “பேர் எழுதணுமே,” என்றார் தியாகேசன். அவள் பென்சிலை வாங்கி, தன் புத்தகம் எதிலும் எழுதாதவள், முதல் பக்கத்தில் எழுதப்போய், எந்தப் பெயரை முதலில் எழுதுவது என்று தடுமாறி, கடைசியில் ‘எங்களுக்கு’ என்று எழுதிக் கொடுத்தாள். பாய் எட்டிப் பார்த்துவிட்டு, “இது பேரா?” என்று கேட்டார், தியாகேசன் பணத்தை எடுத்து நீட்டினார். திரும்பும்போது கே.கே. நகர் பஸ்ஸில் இரண்டு பேர் சீட் கிடைத்தது. வீட்டுக்குப் போய்ப் படிக்கலாம் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் பிரித்துவிட்டாள், அவர் பாதி அவர் மடியில், அவள் பாதி அவள் மடியில். கடலுக்கடியில் ஒரு இரும்புக் கதவு, சுழற்றினால் திறக்கிற பூட்டு, அதிவீரனுக்கு மூச்சு முட்டுகிறது, உள்ளேயிருந்து யாரோ தட்டுகிறார்கள், டக் டக், டக், அது நளாயினியின் சங்கேதம், ஆனால் நளாயினி போன நாவலில் விமானத்தோடு எரிந்துபோனாளே. பக்கத்தின் அடியில் கதவு திறந்தது. நின்றது யார் என்று கடைசி வரியில் இருந்தது, அவள் கை தானாக ஓரத்துக்குப் போனது. “இரு, இரு, திருப்பாத,” என்று அவள் விரலைப் பிடித்துக்கொண்டார் தியாகேசன், கண்ணைப் புத்தகத்திலிருந்து எடுக்காமல், வாங்க போங்க எல்லாம் எங்கோ விழுந்துபோனது தெரியாமல், உதடு அசைய, நிதானமாகப் படிக்கிறவர், இன்னும் பாதிப் பக்கம் இருந்தது அவருக்கு. இதுவரை யாரும் அவளை அப்படிச் சொல்லி நிறுத்தியதில்லை, இவ்வளவு அவசரமாக, இவ்வளவு சொந்தமாக. பஸ் சந்தில் திரும்பியது, வெயில் பக்கத்தின் மேல் விழுந்து நகர்ந்தது, அவள் வெயிலோடு சேர்ந்து அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் ஒரு வரி இறங்கிற்று, அடுத்த வரி, பூட்டுக்கு வந்தது, மூச்சுக்கு வந்தது, டக் டக்குக்கு வந்தது, இதோ வந்துவிட்டது, கதவு திறக்கப்போகிறது. “அட!” என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார் அவர். “ஆமா,” என்றாள் பூங்கோதை, பக்கத்தைத் திருப்பினாள்.